பின்னால் கேட்ட அழுகை

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நாங்கள் ஃபேரர் பார்க் பக்கம் ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். கீழே தையல்கடை, மேலே நாங்கள். என் கணவர் கப்பல் கம்பெனியில் கிராணி, கணக்கு எழுதுகிற வேலை. நான் தமிழ்ப் பள்ளிக்கூட ஆசிரியை. காலையில் ஒரு பள்ளி, மத்தியானம் இன்னொரு பள்ளி. நடுவில் பஸ்ஸில் நின்றுகொண்டே ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்வேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் காலை நீட்டி உட்காருவேன். அந்த ஒரு நாளுக்கும் உலை வைக்க ஒருத்தி வந்து சேர்ந்தாள்.

சிராங்கூன் ரோட்டில் ஒரு மாவு மில்லில் மிளகாய் அரைக்கிற பெண் அவள். முப்பது வயது இருக்கும். படியேறி வரும்போதே எனக்குத் தும்மல் வந்துவிடும், அப்படி ஒரு நெடி அவள் புடவையில். என் கணவர் மசாலா அரைக்கப் போன இடத்தில், மில் இரைச்சலுக்கு மேலே அவள் பாடுவதைக் கேட்டிருக்கிறார். கேட்டதோடு வந்திருக்கலாம். “எங்க வீட்டம்மா பள்ளிக்கூடத்துல பாட்டு சொல்லித் தர்றாங்க. அவங்ககிட்ட பாடிக் காட்டு” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

அடுத்த ஞாயிறே வந்து நின்றாள். கூடவே அவள் புருஷன், சைக்கிள் கேரியரில் சாரத்துணியால் கட்டிய ஒரு பெட்டியோடு. அவர் ஒரு வெள்ளைக்கார துரைக்குக் கார் ஓட்டியவர். துரை ஊருக்குத் திரும்பும்போது தன் பழைய டேப் ரெக்கார்டரை இவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அம்மிக்கல் கனம். அதை மாடிக்குத் தூக்கி வந்து வைத்துவிட்டு, அந்த மனிதர் கோப்பி குடிக்கிறேன் என்று கீழே இறங்கிப் போய்விடுவார். இவள் வாரம் முழுக்கத் தன் வீட்டில் பாடிப் பதிந்த சுருளை மாட்டிச் சுற்றவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்காருவாள். பாட்டு முடிந்ததும் ஒரே கேள்விதான்.

“எப்படி டீச்சர்?”

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதிலும் அலுத்துப்போய் உட்கார்ந்திருக்கிறவளிடம் கருத்துக் கேட்டால் என்ன வரும்? “தாளம் ஓடுது. மூச்சை அடியோட நடுவுல விடுற. இந்த இடத்துல எதுக்கு இவ்வளவு கத்தல், யாரு உன்னை அடிச்சா?” என்பேன். அவள் கொஞ்சமும் வாடமாட்டாள். “ஓகே லா டீச்சர், அடுத்த வாரம் பாருங்க” என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் அதே இடத்தில் இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கத்திக்கொண்டு வருவாள். தன் குரலைப் பற்றி அவளுக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. உண்மையைச் சொன்னால், நல்ல குரல்தான். கும்மியோ தாலாட்டோ, எடுத்த எடுப்பிலேயே நம்மைப் பிடித்து உட்காரவைக்கும். அதை அவளிடம் நான் சொன்னதில்லை. சொன்னால் புதன்கிழமையும் வந்துவிடுவாளோ என்று பயம்.

நான் அதிகமாகக் குறை சொன்னது பாட்டை அல்ல, பின்னால் கேட்கும் சத்தங்களைத்தான். அவள் வீடு வரிசை வீடுகளில் ஒன்று. சுவர் ஒன்று, கூரை ஒன்று, தண்ணீர்க் குழாயும் ஒன்று. தாலாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே ஒரு சேவல் கூவும். கடலை விற்கிற கச்சாங் பூத்தேக்காரர் கூவிக்கொண்டு போவார். பழைய பேப்பர் வாங்குகிற காராங்கூனியின் குரல் கேட்கும். எல்லாவற்றுக்கும் மேலே அவள் மாமியாரின் இருமல். அந்த அம்மா படுத்த படுக்கையாக இருந்தவர். சரியாக உச்சத்தில் இருமுவார்.

“இது பாட்டா, பசாரா? சத்தமெல்லாம் இல்லாம பதிஞ்சுட்டு வா” என்று எத்தனை முறை சொல்லியிருப்பேனோ தெரியாது.

என் கணவர் இதெல்லாம் நடக்கும்போது சன்னலோரம் சாய்வு நாற்காலியில் கிடப்பார். பேப்பரில் ஒரு பாதியைப் படித்துவிட்டு மடித்துக் கைப்பிடியில் வைப்பது அவர் வழக்கம். மறுபாதி சாயங்காலம் தேத்தண்ணி குடித்த பிறகு. “நல்லாத்தானே லா பாடுது அந்தப் புள்ள. நீ என்னமோ ஹைகோர்ட் ஜட்ஜ் மாதிரி” என்று அங்கிருந்தே அவளுக்கு வக்காலத்து வாங்குவார். அவர் அவளுக்கு வைத்த பெயர் மிளகாய். அவளுக்கு அவர் அண்ணன்.

அவள் இவ்வளவு பாடுபட்டதற்குக் காரணம் இருந்தது. வானொலியில் நாட்டுப்பாடல் நிகழ்ச்சிக்குப் புதுக் குரல்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு தடவை சுருளைக் கொண்டுபோய்க் கொடுத்து, இரண்டு தடவையும் திரும்பி வந்துவிட்டது. மூன்றாவது தடவைக்கு அவள் ஏன் அப்படி அவசரப்பட்டாள் என்பது ஒரு ஞாயிறு எனக்குத் தெரிந்தது. பாடிக் காட்டிக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்திவிட்டு இரும ஆரம்பித்தாள். நிற்கவேயில்லை. தண்ணீர் கொடுத்தேன்.

“மிளகாத்தூள் டீச்சர். தொண்டையில படிஞ்சிருச்சாம். மில்ல விடுன்னாரு டாக்டரு. மில்ல விட்டா சோத்துக்கு? இந்தத் தொண்டை இன்னும் கொஞ்ச நாள்தான். அதுக்குள்ள ஒரே ஒரு தடவை ரேடியோவுல வந்துடணும். அப்புறம் எப்படிப் போனாலும் போவட்டும்.”

அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குத்தான் அன்றைக்குக் குறை சொல்ல வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு வானொலியிலிருந்து ஒரு நல்ல சேதி வந்தது. நிகழ்ச்சி நடத்துகிற அம்மா அவளிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறார்: தாலாட்டும் கும்மியும் எங்களிடம் குவிந்து கிடக்கிறது, ஒப்பாரி பாடத் தெரிந்தால் பதிந்து கொண்டு வாருங்கள், அதற்குத்தான் ஆள் இல்லை என்று. இவள் துள்ளிக் குதித்தாள். ஒப்பாரியில்தான் அவள் கெட்டிக்காரி. சாவு வீடு எங்கே என்றாலும் அவளைக் கூப்பிட்டுப் போவார்களாம்.

ஆனால் படிக்கிற உங்களுக்கே தெரிந்திருக்கும், சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக்கூடாது. வாயில் முணுமுணுத்தால்கூடப் பெரியவர்கள் விடமாட்டார்கள். அதுவும் படுக்கையில் ஒரு மாமியாரை வைத்துக்கொண்டு எப்படிப் பாடுவது? இவள் பாடினாள். மறுவாரம் வந்து அந்தக் கதையைச் சொன்னபோது, அவள் முகத்தைப் பார்த்து எனக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

“கெழவி தூங்குதேன்னு பின்கட்டுக்கு மெஷினத் தூக்கிட்டுப் போயி, கதவச் சாத்திட்டு ரெண்டே ரெண்டு அடிதான் டீச்சர் பாடினேன். கதவத் தள்ளிக்கிட்டு வந்துட்டாளுங்க பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க எல்லாரும்! ஒருத்தி கையில கரண்டி. தலைமயிர அவுத்துப் போட்டுக்கிட்டு, என் தோள்ல கையப் போட்டு, ‘மாமி, எங்களை விட்டுப் போயிட்டீகளா’ன்னு ஆரம்பிச்சுட்டாளுங்க. யாரு செத்தான்னுகூடக் கேக்கல. நான் வேணாம் வேணாம்ங்கறேன், நான் துக்கத்துல பேசுறேன்னு நெனச்சு இன்னும் இறுக்கிக் கட்டிக்கிட்டாளுங்க. அந்தச் சத்தத்துல கெழவி முழிச்சு, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு வந்து நின்னு கேக்குது, ‘யாருடி போனது?’ன்னு.”

“அப்புறம்?” என்றார் என் கணவர்.

“அப்புறம் என்ன, ஒருத்தி வீல்னு கத்திட்டா. ஒப்பாரி வச்சாச்சு, எல்லாரும் தலைமுழுகணும் இல்ல? குழாயில தண்ணி வர்ற நேரமும் இல்ல. தண்ணி வர்ற வரைக்கும் வரிசையா உக்காந்து என்னைத் திட்டுனாளுங்க. கெழவி மட்டும் திட்டல. ‘என்னைப் பாடையில ஏத்திப் பாக்க அவ்வளவு ஆசையா’ன்னு கேட்டுட்டுச் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிச்சு. அதுதான் டீச்சர் ஒரு மாதிரியா இருக்கு.”

என் கணவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவு சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் சொன்னார், “கவலப்படாத மிளகாய். நான் போறப்ப இங்க வந்து பாடு. மறக்காம மெஷினையும் கொண்டாந்துடு. எங்க வீட்டுல சேவல் கிடையாது.”

“வாயைக் கழுவுங்க முதல்ல!” என்று நான் கத்தினேன். அன்று சாயங்காலம் உப்பும், அவள் மில்லிலிருந்து கொண்டுவந்து கொடுத்திருந்த மிளகாயும் எடுத்து அவருக்குச் சுற்றி அடுப்பில் போட்டேன். நெடியே வரவில்லை. பெரிய கண் பட்டிருக்கிறது என்று அவரே கேலி செய்தார்.

சில வாரம் கழித்து, வேலை முடிந்து வரும் வழியில், டோபி காட் பஸ் நிறுத்தத்தில் அவர் மயங்கி விழுந்தார். யாரோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். நான் மத்தியானப் பள்ளியிலிருந்து போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நெஞ்சுவலி என்றார்கள்.

காரியங்களை எல்லாம் அவருடைய அண்ணன், என் மூத்தார், முன்னின்று நடத்தினார். சீர்திருத்தத்தில் ஊறியவர் அவர், மேடையில் பேசுகிறவர். என் பொட்டை அழிக்கக்கூடாது, வளையலை உடைக்கக்கூடாது என்று ஊர்ப் பெண்களிடம் கறாராகச் சொன்னார். அதற்காக இன்றும் நான் அவரைக் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் அதே மூச்சில் அழக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். மாரில் அடித்துக்கொள்வது, ஒப்பாரி வைப்பது, இதெல்லாம் படிக்காத சனங்கள் செய்கிற வேலை. என் தம்பி வீட்டில் அமைதியாக, நாகரிகமாக நடக்கவேண்டும் என்றார். அன்றைக்கு மிளகாயும் வந்திருந்தாள். வாசலில் நின்று முதல் அடியை எடுத்தாள். அவர் ஒரு பார்வை பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் போய்விட்டாள்.

நான் ஆசிரியை இல்லையா, அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போடச் சொன்னேன், கோப்பி கொடுக்கச் சொன்னேன். “டீச்சர் எவ்வளவு தைரியமா இருக்காங்க பாரு” என்று பேசிக்கொண்டார்கள். தைரியமாவது ஒன்றாவது! களைப்பு. பல வருடக் களைப்பு முழுவதும் ஒரே நாளில் வந்து என் தலைமேல் உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது. கையைத் தூக்கித் தலையை வாரிக்கொள்ளக்கூட முடியவில்லை. அவருடைய நாற்காலி அப்படியே சன்னலோரம் இருந்தது. கைப்பிடியில் பாதி படித்து மடித்த பேப்பர். அதை யாரையும் நான் தொடவிடவில்லை.

கருமாதிக்கு இன்னும் சில நாள் இருந்தது. காலையும் மாலையும் மூத்தார் வந்து கூடத்தில் உட்காருவார். நடுப்பகலில் யாரும் இருக்கமாட்டார்கள். அப்படி ஒரு நடுப்பகலில் படியில் தும்மல் நெடி ஏறி வந்தது. பின்னாலேயே அவள் புருஷன், பெட்டியோடு. அவர் அதைத் தரையில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போய்விட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எழவு வீட்டுக்கு டேப் ரெக்கார்டரோடு வருகிறவள் உண்டா? “எதுக்கு இதைக் கொண்டாந்த?” என்று கேட்டேன்.

அவள் என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். முதல்முறையாக என்னை டீச்சர் என்று கூப்பிடவில்லை.

“அக்கா, நான் பொய் சொல்லமாட்டேன். ரேடியோவுக்கு வேணும். இந்த வாரத்துக்குள்ள குடுக்கணும். எனக்கு வேற எந்த வீட்டுலயும் பாட முடியாது. கருமாதி முடிஞ்சா இங்கயும் முடியாது. அது ஒண்ணு. அண்ணனுக்குப் பாடாம என்னால இருக்க முடியல. அவரே கூப்பிட்டாரு. அது ஒண்ணு. ரெண்டும்தான். நீங்க போன்னா போயிடுறேன்.”

போ என்றுதான் சொல்ல நினைத்தேன். அதைச் சொல்வதற்கும் தெம்பு வேண்டுமே. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாளோ என்னவோ, எழுந்துபோய்ச் சன்னல்களைச் சாத்தினாள். பிளக்கைச் சொருகினாள். சுருள் சுற்ற ஆரம்பித்தது. என் பக்கத்தில் வந்து ஒட்டி உட்கார்ந்து, என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தாள்.

ஒப்பாரியில் பாடுகிறவள் தனக்காகப் பாடமாட்டாள். பறிகொடுத்தவள் வாயாக இருந்து பாடுவாள். அவள் என் வாயாகப் பாடினாள்.

சாய்வு நாற்காலி காத்திருக்க – என் ராசாவே
சாயங்காலம் ஆகலையோ?
மடிச்சு வச்ச பேப்பருல – என் மன்னவரே
மறுபாதி படிக்கலையோ?
தேத்தண்ணி ஆறுதய்யா – என் தெய்வமே
தேடிவர வழியில்லையோ?

ஞாயிற்றுக்கிழமைகளில் என் முகத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைத்திருந்தேன். அந்த நாற்காலியையும் பேப்பரையும் தேத்தண்ணியையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அந்த மறுபாதி பேப்பர் என்ற இடத்தில் எனக்குள் என்னவோ அறுந்தது. அப்படி ஒரு சத்தம் என் தொண்டையிலிருந்து வரும் என்று எனக்கே தெரியாது. மாடு கத்துகிற மாதிரி கத்தினேன். அவள் நிறுத்தவில்லை. என்னை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, ஆடி ஆடிப் பாடிக்கொண்டே இருந்தாள். அவள் பாட, நான் அழ, எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. சுருள் தீர்ந்து, அதன் வால் டப் டப் என்று அடித்துக்கொண்டு சுற்றியபோதுதான் இருவரும் நிமிர்ந்தோம். கீழே தையல் மெஷின்கள் எல்லாம் நின்றுபோயிருந்தன.

அவள் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சுருளைத் திருப்பிச் சுற்றிப் போட்டாள். பழக்கம் விடுமா? பாதி ஓடியதும் என் முகத்தைப் பார்த்து, “எப்படிக்கா?” என்றாள்.

எனக்கும் பழக்கம் விடவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னேன், “ரெண்டாவது அடியில மூச்சு பத்தல. பின்னாடி ஒரே சத்தம். பாட்டே கேக்கல.”

“பின்னாடி நீங்கதான்கா” என்றாள்.

அவர் போன பிறகு முதன்முதலாக அப்போதுதான் சிரித்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் இரண்டையும் சேர்த்தே செய்தோம். அவள் போன பிறகு தலைமுழுகிவிட்டுப் படுத்தேன். மூத்தார் வந்து கதவைத் தட்டும்வரை தூங்கினேன். அத்தனை நாளில் அதுதான் தூக்கம்.

அந்தச் சுருளையே அவள் வானொலியில் கொடுத்தாள். வேறு வழியும் இல்லை, மறுபடி பதிய வீடு இல்லை. கருமாதி முடிந்து நான் மறுபடி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு ஒருநாள், மில்லிலிருந்து நேரே வந்தாள். முகத்தில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை.

“எடுத்துக்கிட்டாங்கக்கா. ஸ்டூடியோவுக்கு வரச் சொல்லிட்டாங்க. ஆனா அந்தம்மா சொல்றாங்க, பாட்டு அருமையாம், பின்னாடி யாரோ அழுறது தொந்தரவா இருக்காம். அது இல்லாம அங்க வந்து சுத்தமா பாடணுமாம்.”

சேவலுக்கும் காராங்கூனிக்கும் அவள் மாமியாருக்கும் நான் சொன்ன அதே தீர்ப்பு எனக்கே திரும்பி வந்திருந்தது.

“போயிப் பாடிட்டு வா” என்றேன்.

“அது எப்படிக்கா? அண்ணனுக்குத்தான் பாடியாச்சே. கருமாதி முடிஞ்சவருக்கு மறுபடி ஒப்பாரி வச்சா, போறவரைத் திரும்பிப் பாக்க வைக்கிற மாதிரி. சும்மாவும் பாட முடியாது. யாரையாவது நெனச்சாத்தான் வாயில வரும். வீட்டுல கெழவி வேற இருக்கு, அதை நெனச்சா பாடுறது?”

“நான் கூட வரட்டுமா?” என்று கேட்டேன். கேட்டேனே தவிர, எனக்கு அந்தத் தெம்பு இல்லை என்பது அவளுக்கும் தெரிந்தது. “வேணாம்கா. நீங்க வந்தா மறுபடி அழுவீங்க” என்று சொல்லிவிட்டு எழுந்தாள். போகும்போது இடுப்பிலிருந்து அந்தச் சுருளை எடுத்து என் மடியில் வைத்தாள். “இதை அவங்க திருப்பிக் குடுத்துட்டாங்க. இது உங்களுது.”

பாட்டு வானொலியில் வந்த அன்று நான் மூத்தார் வீட்டில் இருந்தேன். அவரிடம்தான் நல்ல ரேடியோ இருந்தது. ஒப்பாரி என்று அறிவித்ததும் அவர் முகம் சுளித்தார். ஆனால் நிறுத்தவில்லை. அவள் குரல் வந்தது. அடி அடியாக, சுத்தமாக, மூச்சு பிசகாமல் வந்தது. நாற்காலி இல்லை, பேப்பர் இல்லை. கூண்டு, குயில், பாதியில் நின்ற பாட்டு என்று வேறு யாருக்கோ பாடினாள். பின்னால் ஒரு ஈ பறக்கிற சத்தம்கூட இல்லை. இரண்டு வருடமாக நான் கேட்டது என்னவோ, அது அப்படியே இருந்தது.

முடிந்ததும் மூத்தார் தலையை ஆட்டினார். “பரவாயில்லையே. இந்த மாதிரி நாகரிகமா, சத்தம் போடாம அழுதா ஒண்ணும் தப்பில்ல” என்றார். அந்த நல்ல மனிதரிடம் என்ன சொல்வது?

அடுத்த ஞாயிறு அவள் வந்தாள். பெட்டி இல்லை, புருஷனும் வரவில்லை. குரல் கரகரவென்று பாதி போயிருந்தது. வழக்கமான இடத்தில் உட்கார்ந்து வழக்கமாகக் கேட்டாள்.

“கேட்டீங்களா? எப்படிக்கா?”

“அது யாருக்குப் பாடின?” என்று கேட்டேன்.

அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். “ஒப்பாரின்னா ஒரு சாவு வேணுமில்ல? இதை நெனச்சுக்கிட்டேன். இது எப்படியும் போவப்போவுது. போறதுக்கு முன்னாடி அது காதுபடவே பாடிட்டேன். குடுத்துவச்ச தொண்டை லா அக்கா.”

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வருடமாக ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் இருந்துவிட்டேனே என்று இருந்தது. இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

“எல்லாம் சரியா இருந்துச்சு. மூச்சு சரி, தாளம் சரி, ஒரு சத்தம் இல்ல. பின்னாடி நான்தான் இல்ல.”

அவள் எழுந்து வந்து, பாட்டு ஒன்றும் இல்லாமலேயே, என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அன்று அந்த வீட்டில் அழுகிறதற்கு மூச்சு எனக்குத்தான் இருந்தது, அவளுக்கு இல்லை. அவளுக்கும் சேர்த்து நானே அழுதேன்.

அதன் பிறகும் பல ஞாயிறுகள் அவள் வந்தாள், பாடுவதற்கு அல்ல, என்னோடு உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பதற்கு. இப்போது நான் புக்கிட் பாஞ்சாங்கில் அடுக்குமாடி வீடு ஒன்றில் இருக்கிறேன். அந்தச் சுருள் அலமாரியில், அவர் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. போட்டுக் கேட்க மெஷின் இல்லை. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இறந்தவர் யாரையாவது கிடத்தியிருக்கும்போது எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு அமைதியாக நிற்பார்கள். நான் போய், அந்த வீட்டுப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளில் கையைப் போட்டுக்கொள்வேன். எனக்குப் பாட வராது. ஆனால் அவள் அழ ஆரம்பித்தால் பின்னால் ஒரு சத்தமாவது கேட்கட்டும் என்று, கூடவே நானும் வாய்விட்டு அழுதுவிடுகிறேன்.